தேடாமல் கிடைத்த ஒரு வரி

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கண்டியிலுள்ள என் வீட்டு வாசலில் மூவர் வந்து நின்றனர். ஒருவர் எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தவர். டிக்கோயாவை அண்மித்த ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஹற்றனில் நிருபராக அலைந்த காலத்தில், அந்தப் பக்கத்துத் தோட்டச் செய்தி எதுவாயினும் முதலில் அவர் வீட்டு இஸ்தோப்பில்தான் எனக்குக் கிடைக்கும். மற்றவர் அவருடைய மகன். மூன்றாவது, ஏழு வயதுப் பேத்தி. மகனின் கக்கத்தில், ஸ்கேன் படங்களை வைத்துத் தரும் பெரிய உறை ஒன்று இருந்தது.

தேநீர் வரும்வரை ஒருவரும் பேசவில்லை. பிறகு பெரியவர்தான் தொடங்கினார்.

"அய்யா, நீங்க நாலு பெரிய டாக்டருங்கள அறிஞ்சவங்க. இந்தப் புள்ளைக்கு மூளைக்குச் சளி ஏறிருச்சுன்னு சொல்றாங்க. நெசமா?"

அந்தப் பிள்ளை அப்போது என் வீட்டுப் பூனையைத் துரத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பீலிக்குப் போகும் கற்படியில் மழைநாளொன்றில் பிள்ளை வழுக்கி விழுந்து, பின்தலையில் அடிபட்டிருக்கிறது. இரண்டு முறை வாந்தி எடுத்து, கண் சொருகியிருக்கிறது. முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே தலையை சி.டி. ஸ்கேன் செய்தார்கள். மண்டையோட்டில் வெடிப்பில்லை, மூளையில் இரத்தக் கசிவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, கொண்டு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாம் செவ்வனே நடந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், கையில் ஓர் அறிக்கை கொடுக்கப்பட்டது. அது ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் லயத்தில் படித்த பையன் ஒருவனிடம் காட்டினார்கள். அவன் வரி வரியாகக் கைத்தொலைபேசியில் தேடிப் பொருள் சொன்னான். மூளை பற்றிய வரிகளெல்லாம் "இல்லை, இல்லை" என்று முடிந்தன. கடைசிக்கு முந்திய வரி மட்டும் "உண்டு" என்றது. இரு கன்னங்களின் பின்னுள்ள சைனஸ் அறைகளிலும், கண்களுக்கிடையேயுள்ள அறைகளிலும் சளிச்சவ்வு தடித்திருக்கிறது என்பதே அவ்வரி.

"தலை ஸ்கேனில் சளி தெரிகிறது" என்று அவன் சொன்னது, அடுத்த லயத்துக்குப் போவதற்குள் "தலையில் சளி கட்டியிருக்கிறது" என்றாயிற்று. மாலைக்குள் "மூளையில் சளி" என்றாகிவிட்டது. தாய் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் நகரத்தில் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு ஓடினார்கள். அங்கே அறிக்கையைப் பார்த்து, பிள்ளையின் மூக்கையோ தொண்டையையோ பாராமலே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு வாரத்துக்கு எழுதப்பட்டது. அது முடிந்ததும் இன்னொன்று, இன்னும் வலியது. மூன்று மாதத்தின் பின் மறுபடியும் ஸ்கேன் எடுத்து வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. பிள்ளைக்கு மருந்தினால் வயிற்றோட்டம் கண்டது. தாயின் காதிலிருந்த தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இப்போது இரண்டாவது ஸ்கேனுக்கு எதை அடகு வைப்பது என்பதே அவர்களுடைய கேள்வி.

நான் மருத்துவன் அல்லன். நாற்பது ஆண்டுக் காலம் செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆனால் அந்த ஒரு வரி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை அறிந்தவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த வரி அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் அறிக்கையில் மட்டும் இருப்பதன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும், குழந்தைக்குத் தலை ஸ்கேன் எடுத்த எத்தனையோ தமிழ்ப் பெற்றோர் கையிலுள்ள தாளில் இதே வரி இருக்கக்கூடும்.

*

முதலில், சைனஸ் என்பது நோயின் பெயரன்று. "எனக்கு சைனஸ் இருக்கிறது" என்று நாம் சொல்வது, "எனக்கு ஈரல் இருக்கிறது" என்று சொல்வதைப் போன்றது. அது எல்லோருக்கும் இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் அமைந்த காற்றறைகளே சைனஸ்கள். கன்னங்களின் பின்னால் இரண்டு, கண்களுக்கிடையே தேன்கூடுபோலப் பல சிற்றறைகள், நெற்றியில் இரண்டு, மூக்கின் பின்கோடியில், மண்டையின் அடியில் இரண்டு. கன்னத்து அறைகளும் கண்ணிடை அறைகளும் பிறக்கும்போதே சிறிதாக உள்ளவை. பின்கோடி அறைகள் இரண்டு மூன்று வயதுக்குப் பின்னரே காற்று நிரம்பத் தொடங்கும். நெற்றியறைகள் ஏழெட்டு வயதளவிலேயே படத்தில் தெளிவாகத் தெரியவரும். பதின்ம வயதில்தான் அவை முழு வளர்ச்சி பெறுகின்றன.

இவ்வறைகளின் உட்சுவரில் பூசியிருப்பது மூக்கின் உள்ளே இருக்கும் அதே சளிச்சவ்வு. இரண்டுக்கும் இடையே சிறு வாயில்கள் மட்டுமே உள்ளன. ஆகவே மூக்கில் தடிமன் பிடித்தால் அந்தச் சவ்வும் வீங்கும், நீர் கோத்துக்கொள்ளும். மூக்கு வீங்கிச் சைனஸ் வீங்காமலிருப்பதுதான் அதிசயம். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இவ்வறைகள் மூளைக்கு வெளியே, எலும்புச் சுவருக்கு அப்பால் இருப்பவை. "தலையில் சளி" என்பது "மூளையில் சளி" ஆகாது. கங்காணியார் வீட்டில் ஒரு மாதம் உறக்கத்தைக் கெடுத்தது அந்தச் சுவர் பற்றிய அறியாமையே.

மூளையைப் பார்க்க எடுத்த படத்தில் மூக்குப் பக்கத்து அறைகள் ஏன் வந்தன என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. தலை ஸ்கேன் என்பது தலையைக் குறுக்காகத் துண்டு துண்டாக அரிந்து பார்ப்பது போன்றது. மூளையின் அடிப்பகுதியைப் பார்க்கும் துண்டுகளில் கண்ணும் காதும் மூக்கின் மேற்பகுதியும் சேர்ந்தே விழும். 1971 ஒக்ரோபர் 1ஆம் திகதி இலண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்ததிலிருந்து இதுதான் நிலை. ஒன்றைத் தேடிப் போனால் தேடாத இன்னொன்றும் படத்தில் வந்து நிற்கும். மருத்துவர்கள் இதனைத் தற்செயற் கண்டறிவு என்கிறார்கள்.

குழந்தைகளின் தலைப் படங்களில் இவ்வாறு தேடாமல் கிடைப்பனவற்றுள் மிகச் சாதாரணமானது சைனஸ் சவ்வின் தடிப்பு. 1980களிலேயே அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். சைனஸ் கோளாறுக்காக அல்லாமல், தலையில் அடிபட்டது, வலிப்பு போன்ற வேறு காரணங்களுக்காக ஸ்கேன் செய்யப்பட்ட குழந்தைகளின் படங்களைப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேரிடம் சைனஸ் அறைகளில் ஏதோ ஒரு தடிப்போ மங்கலோ இருந்தது. பாதிப் பேரிடம் இருப்பதை நோய் என்று சொல்வது எப்படி?

இதற்கு விளக்கம் தந்த ஆய்வு 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. சாதாரணத் தடிமன் பிடித்த 31 பெரியவர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர்களில் 27 பேரின் கன்னச் சைனஸ்களில் கோளாறு தெரிந்தது. இரண்டு வாரமளவில் அவர்களில் 14 பேரை மறுபடி படம்பிடித்தார்கள். 11 பேருக்கு அது மறைந்தோ பெரிதும் குறைந்தோ போயிருந்தது. அவர்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் கொடுக்கப்படவில்லை. தடிமன் வந்தது, சவ்வு வீங்கியது, தடிமன் போயிற்று, வீக்கமும் போயிற்று. அவ்வளவே.

பெரியவர்களுக்கே இப்படியென்றால், ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை தடிமன் பிடிக்கும் சிறு பிள்ளையை எந்த வாரத்தில் படம்பிடித்தாலும், போன தடிமனின் எச்சமோ வரப்போகும் தடிமனின் தொடக்கமோ அதில் தெரியத்தானே செய்யும்? ஹற்றன் நாலாயிரம் அடிக்கு மேல், நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். மஸ்கெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் துணி காய வாரக்கணக்காகும். அங்கே மூக்கொழுகாத குழந்தையைத் தேடித்தான் காணவேண்டும்.

ஆதலால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2001இல் வெளியிட்டு 2013இல் புதுக்கிய வழிகாட்டல், குழந்தைக்கு பக்றீரியாவினால் உண்டாகும் சைனஸ் அழற்சியா, வெறும் தடிமனா என்று பிரித்தறியப் படம் எடுக்கவேண்டாம் என்று சொல்கிறது. படம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது பிள்ளையின் நிலையே. மூக்கொழுக்கோ பகல் நேர இருமலோ பத்து நாளுக்கு மேலாகியும் சற்றும் குறையாதிருத்தல். குறைந்து வந்தது மறுபடி காய்ச்சலுடன் கூடுதல். தொடக்கத்திலேயே 39 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சலும் சீழ்போன்ற மூக்கொழுக்கும் மூன்று நாள் தொடர்தல். இவற்றுள் ஒன்று இருந்தால் மருத்துவர் பாக்டீரியாத் தொற்று என எண்ணலாம். இம்மூன்றில் ஒன்றையும் கேளாமல், அறிக்கையின் ஒரு வரிக்கு மருந்து எழுதுவது, பிள்ளையை விட்டுவிட்டுப் புகைப்படத்துக்கு வைத்தியம் பார்ப்பதாகும்.

*

எனக்கு அறிமுகமான கதிரியல் நிபுணர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, பெருமூச்சு விட்டார். "நான் அதிகம் எழுதும் வரிகளில் அதுவும் ஒன்று. கண்டதை எழுதாமல் விட்டால் நாளை என்னைக் கேட்பார்கள். எழுதினால் இப்படி ஆகிறது" என்றார்.

அவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கண்டதைப் பதிவு செய்வது அவர் கடமை. அதை மறைக்கச் சொல்வது தவறு. ஆனால் பத்திரிகைத் தொழிலில் நாங்கள் படித்த முதற்பாடம் ஒன்றுண்டு. உண்மையான தகவலே ஆயினும், அதன் சூழலைச் சொல்லாமல் கொடுத்தால் அது பொய்யான செய்தியாகவே வாசகனைச் சென்றடையும். "நகரில் வெடிச் சத்தம்" என்று நாங்கள் தலைப்பிட்டு, அது கோயில் திருவிழா வாணவேடிக்கை என்பதை விட்டுவிட்டால், ஒவ்வொரு சொல்லும் உண்மை, செய்தி பொய். சவ்வு தடித்திருக்கிறது என்பது உண்மை. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்பதை விட்டுவிட்டபோது, அந்த உண்மை தோட்டத்து லயத்தில் மூளை நோயாக மாறிவிட்டது.

கொழும்பிலோ மெல்பேர்னிலோ உள்ள ஒரு தகப்பன் அந்த வரியை வாசித்தால் மறுநாளே தம் குடும்ப வைத்தியரைத் தொலைபேசியில் கேட்பார். பத்து நிமிடத்தில் கலக்கம் தீரும். மலையகத்தில் அப்படியன்று. அங்கே அந்த வரிக்கும் அதன் பொருளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கிடக்கிறது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்ட நிருவாகமே கவனிக்கவேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1912இல் வந்தது. அதன் வழியில் தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, ஒரு மருத்துவ உதவியாளர் என்ற ஏற்பாடு வேரூன்றியது. நாட்டின் மற்ற மக்களுக்கு இலவச அரசாங்க வைத்தியம் விரிந்து வளர்ந்த காலத்திலும், தோட்டத்து மனிதன் தோட்டத்து டிஸ்பென்சரிக்கே உரியவனாயிருந்தான். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கச் சுகாதார சேவையுடன் இணைக்கும் பேச்சு இதனூடே பல்லாண்டுகளாக இழுபட்டது. 2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலைத் தொகுதியைப் பிரதமர் மோடி திறந்துவைத்ததை வாசகர்கள் அறிவர். கட்டடம் வந்தது நல்லதே. ஆனால் கட்டடத்துக்குள் நோயாளிக்கு நாலு வார்த்தை அவன் மொழியில் சொல்பவர் உண்டா என்பது வேறு கேள்வி.

தமிழும் ஓர் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லிவிட்டது. நடைமுறையில் தோட்டத்துத் தாய் வைத்தியசாலையில் மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறாள். அறிக்கை ஆங்கிலத்தில், விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில், பயம் தமிழில். அவளுக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம். சைனஸ் சவ்வுக்கு அது போதாது. தாதியரும் வைத்தியர்களும் கருணையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியவர்களே அவர்கள்தாம். நெரிசலான விடுதியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு விளக்குவது? ஆனால் விளக்காத அந்த இரண்டு நிமிடத்தின் விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

விலை என்றால் தோட்டத்தில் அதைப் "பேர்" என்ற சொல்லால் அளப்பார்கள். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு பேர் விழும். போகாத நாளுக்கு விழாது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. அதன் பின்னும் உயர்வு பற்றிய பேச்சு ஓயவில்லை. எத்தொகையானாலும் சரி, பேர் விழாத நாளுக்கு அது கணக்கில் வராது. இந்த ஒரு வரிக்காகத் தாய்க்குப் போனது எட்டுப் பேர், தகப்பனுக்கு ஆறு. பஸ் கட்டணம், மருத்துவமனைக் கட்டணம், மருந்துச் செலவு வேறு. தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது.

பணம் போவதோடு முடியவில்லை. தேவையில்லாத நுண்ணுயிர்க்கொல்லி பிள்ளையின் வயிற்றைக் கெடுக்கும் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று: இன்று வீணாகக் கொடுத்த மருந்து, நாளை உண்மையாகவே நிமோனியா வந்து வேண்டும்போது வேலை செய்யாமற் போகலாம். கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன.

இரண்டாவது ஸ்கேன் இன்னும் யோசிக்கவேண்டியது. பிரித்தானியாவில் சிறு வயதில் சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. பத்து வயதுக்குட்பட்ட பதினாயிரம் குழந்தைகளுக்குத் தலையில் ஒரு முறை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் மேலதிகமாக ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோயும் ஒரு குழந்தைக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அவர்களின் கணிப்பு. இது மிகச் சிறிய ஆபத்து. அடிபட்டு வாந்தியெடுத்து மயங்கும் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கத் தயங்கவே கூடாது. அங்கே கிடைக்கும் பயன் இந்த ஆபத்தைவிடப் பன்மடங்கு பெரிது. முதல் ஸ்கேன் சரியான முடிவு. ஆனால் மூக்கொழுக்கின் எச்சம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆபத்தையும், அது எத்துணைச் சிறிதாயினும், ஏன் ஏற்கவேண்டும்? அதுவும் தோட்டை அடகு வைத்து?

*

அப்படியானால் சைனஸ் என்றாலே தட்டிக்கழித்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இதையும் சம அழுத்தத்தோடு சொல்லவேண்டியவனாயிருக்கிறேன்.

அரிதாகச் சைனஸ் தொற்று கண்குழிக்கும் மூளைக்கும் பரவுவதுண்டு. கண்ணிமை வீங்கிச் சிவத்தல், கண் முன்தள்ளுதல், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், காய்ச்சலோடு கடுந்தலையிடியும் வாந்தியும், கழுத்து விறைத்தல், வலிப்பு, பிள்ளை சோர்ந்து பிதற்றுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் துர்நாற்றத்துடன் ஒழுகினால், பிள்ளை மணியோ விதையோ உள்ளே செருகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு பக்க அறை மட்டும் முற்றாக அடைத்திருக்கிறது, எலும்பு அரித்திருக்கிறது என்று அறிக்கை சொன்னால் அது நம் கதையில் வரும் வரியன்று. அதை நிபுணர் பார்த்தே ஆகவேண்டும். மாதக்கணக்காக மூக்கடைப்பும் குறட்டையும் இருமலுமாக இருக்கும் பிள்ளையையும் மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். அதற்குக் காரணம் ஸ்கேன் அறிக்கையன்று, பிள்ளை படும் பாடு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் மலையகம் அறிந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. லயத்துக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் எட்டடித் தூரத்தில் இருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஈர விறகின் புகை போக வழியின்றிக் கூரைத் தகரத்தில் கரியாகப் படிகிறது. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பூக்கிறது. அந்தப் புகையையும் ஈரத்தையும் மூச்சாக இழுக்கும் பிள்ளையின் மூக்குச் சவ்வு எரிச்சலுறுவதற்கு ஸ்கேன் சாட்சி தேவையில்லை. ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். இரண்டாவது ஸ்கேனுக்கும் இரண்டு சுற்று மருந்துக்கும் ஆகும் பணத்தில் அடுப்புக்கு ஒரு புகைபோக்கி வைத்திருக்கலாம். பிள்ளையின் மூக்குக்கு நேரான வைத்தியம் அதுதான். அதை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. எந்த மருந்துச் சீட்டும் சொல்வதில்லை.

*

என்ன செய்யலாம்? அறிக்கையிலேயே விளக்கம் எழுதிவிட்டால் போதாதா என்று முதலில் எண்ணினேன். "அறிகுறி இல்லாத குழந்தைகளிடம் இது சாதாரணமாகக் காணப்படுவது, இதற்கென மருந்து தேவையில்லை" என்று ஒரு வாக்கியம். கதிரியல் நிபுணர்கள் இதைச் சேர்க்கவேண்டும் என்றே இப்போதும் கேட்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் முதுகெலும்புப் படங்களுக்கு இதே முறையைக் கையாண்டு பார்த்தார்கள். வலியே இல்லாதவர்களிடமும் இத்தகைய தேய்வுகள் எவ்வளவு சாதாரணம் என்ற குறிப்பை அறிக்கையோடு சேர்த்தார்கள். இரண்டரை இலட்சம் பேரளவில் உள்ளடக்கிய அந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. வலிநிவாரண ஓபியொயிட் மருந்துச் சீட்டுகள் சிறிதளவு குறைந்தன; மேலதிகச் சிகிச்சையும் பரிசோதனையும் மொத்தத்தில் குறையவில்லை. அறிக்கையின் மொழி புரிந்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே தாளில் எழுதியது இவ்வளவுதான் செய்தது. நமக்கு வாய்ச்சொல்தான் வேண்டும்.

அது பெரிய காரியமுமன்று. விடுதியிலிருந்து பிள்ளையை அனுப்பும்போது யாராவது ஒருவர், வைத்தியரோ தாதியோ மொழி தெரிந்த சிற்றூழியரோ, தமிழில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். "மூளை நல்லாயிருக்கு. மூக்குப் பக்கம் தடிமன் இருந்த அடையாளம் தெரியுது, அதுக்கு மருந்து வேணாம்." சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகாது. தமிழர் பெரும்பான்மையாக வாழும் நுவரெலியா மாவட்டத்து வைத்தியசாலைகளில் இந்த அரை நிமிடத்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அது அரசியலமைப்பில் எழுதப்பட்ட உரிமை.

பெற்றோர் கேட்கவேண்டியவை மூன்று கேள்விகள். படம் எடுத்தது எதற்காக, அதற்கு விடை கிடைத்ததா? தேடாமல் கிடைத்த இது என் பிள்ளைக்கு இப்போதுள்ள எந்தத் தொல்லையையாவது விளக்குகிறதா? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "ஒன்றும் ஆகாது" என்பதே. அந்த விடையைக் கேட்டு வாங்காமல் வைத்தியசாலைப் படியிறங்கவேண்டாம்.

தோட்டத்தில் நாலு எழுத்துப் படித்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களை நம்பித்தான் ஊர் தாளை நீட்டுகிறது. சொல்லுக்குச் சொல் பொருள் தேடிச் சொல்வது வாசிப்பாகாது. தெரியாத இடத்தில் "இது எனக்கு விளங்கவில்லை, டாக்டரிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது.

*

அந்த ஞாயிறன்று நான் அவர்களுக்கு வைத்தியம் சொல்லவில்லை. இரண்டாவது ஸ்கேன் எடுக்கும் முன், அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் குழந்தை நல வைத்திய நிபுணரிடம் பிள்ளையைக் காட்டும்படி மட்டும் சொன்னேன். கேட்கவேண்டிய மூன்று கேள்விகளையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் மகன் தொலைபேசியில் பேசினார். அந்த வைத்தியர் பிள்ளையின் மூக்கையும் தொண்டையையும் காதையும் பார்த்திருக்கிறார். எத்தனை நாளாக இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்டிருக்கிறார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. ஸ்கேன் வேண்டாம் என்றிருக்கிறார். வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது என்றும் கேட்டாராம். அந்தக் கேள்வியைக் கேட்ட வைத்தியருக்கு இப்பத்தியின் வழியாக என் வணக்கம்.

பேசி முடிக்கும் வேளையில் மகன் சொன்னார்: "அய்யா, இத அன்னைக்கே ஒருத்தர் எங்க பாஷையில சொல்லியிருந்தா, எங்க வூட்டுக்காரி தோடு காதுல இருந்திருக்கும்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.